அம்மாக்கள் மேல் போட்ட பழி

குழந்தை கண்ணில் வெள்ளையோடு பிறந்தால் மதுரைப் பக்கம் முதல் கேள்வி டாக்டரிடமிருந்து வருவதில்லை. "சொந்தத்துல கட்டினதாம்மா?" "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா?" மேலூரோ உசிலம்பட்டியோ, எல்லாக் கேள்விகளும் தாயை நோக்கித்தான். சொந்தத்தில் மணமுடிப்பதால் சில பிறவிக் கண்புரைகள் வருவது உண்மை. கிரகணம் பாவம், அதற்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கேள்விகளில் பேரே அடிபடாத ஒரு குற்றவாளி உண்டு: ருபெல்லா.

அதைக் காட்டிக்கொடுத்தவர் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக். 1941இல் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். காத்திருந்த தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். சக மருத்துவர்களிடமும் கேட்டு 78 குழந்தைகளின் விவரம் சேர்த்தார். அதில் 68 தாய்மாருக்குக் கர்ப்பத்தின்போது, பெரும்பாலும் தொடக்க மாதங்களில், ருபெல்லா வந்திருந்தது. முந்தைய வருஷம் ஆஸ்திரேலியாவில் அந்த நோய் பெரிதாகப் பரவியிருந்தது. மென்பொருளில் ஒரு பிழை எந்த நாளில் உள்ளே நுழைந்தது என்று பின்னோக்கித் தேடுவோமே, கிரெக் செய்ததும் அதுதான். எல்லோரும் உடனே நம்பவில்லை. தாய்க்கு ரெண்டு நாள் லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு. இதுவா குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் காதையும் குலைக்கும்?

குலைக்கும். முதல் 12 வாரங்களில்தான் அந்த உறுப்புகள் உருவாகின்றன. வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டி அந்த வேலையைக் கெடுக்கிறது. 1964-65இல் அமெரிக்காவில் சுமார் 20,000 குழந்தைகள் இந்தப் பாதிப்போடு பிறந்தன. 1969இல் அங்கே தடுப்பூசி வந்துவிட்டது.

மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் இந்தக் குழந்தைகள் வந்தார்கள். அங்கே குழந்தைகள் கண் நலத்தைப் பார்த்த டாக்டர் பி. விஜயலட்சுமியும் ஆய்வுக்கூடத்தினரும் இதை விடாமல் துரத்தினார்கள். கிரெக்கைப் போலத் தாயிடம் கேட்டால் மட்டும் போதாது. ருபெல்லா வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தடிப்பே தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் "மணல்வாரி போட்டிருந்துச்சு" என்று வேப்பிலையோடு முடிந்துபோயிருக்கும். அதனால் சாட்சியைக் குழந்தையின் ரத்தத்தில் தேடினார்கள். ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் தாயிடமிருந்தே குழந்தைக்கு வந்துவிடும். ஐஜிஎம் அப்படி வராது. அது குழந்தையிடம் இருந்தால், குழந்தைக்கே தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று அர்த்தம். புரை அறுவைச் சிகிச்சையில் எடுத்த லென்ஸிலும் வைரஸைத் தேடினார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளியானது.

அதற்கு முன்பே, 2006இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகள் ஒரு வருஷம்கூட வைரஸை வெளியேற்றலாம். அவர்களைத் தூக்கி வைத்திருப்பது யார்? சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். ஊழியர்களின் ரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு ஊசி போட்டு, அது வேலை செய்கிறதா என்றும் பார்த்தார்கள்.

கர்ப்பகாலத் தொற்று எல்லாமே ஒரே மாதிரி இல்லை. குழந்தைக்குக் கரப்பான் வந்தால் "கத்திரிக்காய் தின்னியா, கருவாடு தின்னியா" என்று இங்கே தாயைத்தான் கேட்போம். உகாண்டாவின் என்டெபியில் சுமார் 2,500 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில் வேறொன்று தெரிந்தது. அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கரப்பான் அதிகமாக வந்தது. தாயின் வயிற்றுப் புழு குழந்தையின் ஒவ்வாமையைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கலாம். இதைப் படித்துவிட்டு "கிருமி நல்லது, இயற்கையா வரட்டும்" என்று ருபெல்லாவுக்கும் சொல்வதுதான் ஆபத்து. புழு சொல்லும் கதை வேறு, வைரஸ் சொல்லும் கதை வேறு.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை-ருபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப் கொதித்தது. "புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க" என்ற குரல்பதிவு எனக்கே பல குழுக்களிலிருந்து வந்தது. பயந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை மேல் உள்ள பாசம்தான். ஆனால் பாதிப் பேர் போட்டு பாதிப் பேர் விட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகலாம். சிறுவயதில் வந்து போகவேண்டிய நோய் தள்ளிப்போய், கர்ப்ப வயதில் பிடிக்கும். கிரீஸில் 1993இல் நடந்தது இதுதான்.

கர்ப்பத்தில் இந்த ஊசியைப் போடக்கூடாது. அதனால்தான் அது ஒன்பது மாதக் குழந்தையின் கையில் ஏறுகிறது, பையனோ பொண்ணோ. அது வீறிட்டு அழும். இருபது வருஷம் கழித்து ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று குறையும்.