கலங்கல் நீர் கேட்ட புழு

கடல்நீர்த் தொட்டியின் வரலாறு பெரும்பாலும் தெளிந்த நீரைத் தேடிய வரலாறாகவே எழுதப்படுகிறது. நீர்த்தாவரம் ஆக்சிஜன் தரும், நத்தை அழுகலைத் தின்னும், ஆகவே நீரை மாற்றவே வேண்டாம் என்று இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1850இல் அறிவித்தார். 1853இல் ரீஜண்ட் பூங்கா விலங்குக்காட்சியகத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ வெளிவந்தபின், வசதி படைத்தோர் வரவேற்பறைகளில் கண்ணாடித் தொட்டி ஒரு மோகமாகவே பரவியது.

இந்த வரலாற்றுக்குள் அடங்காத உயிர் ஒன்று உண்டு. அது விசிறிப்புழு. தானே கட்டிய குழாய்க்குள் உடலை மறைத்துக்கொண்டு, இறகுக்கொத்துப் போன்ற தலைமுடியை மட்டும் வெளியே விரித்து வைக்கும். நிழல் பட்டால் நொடியில் உள்ளிழுத்துக்கொள்ளும். அந்த இறகுகளே அதற்குச் செவுள், அவையே உணவு வடிகட்டும் வலை. நீரில் மிதக்கும் நுண்துகளில் மிகச் சிறியது வாய்க்குப் போகும், நடுத்தரமானது சளியுடன் குழைந்து குழாய்ச் சுவராகும், பெரியது தள்ளப்படும். ஆக, பார்ப்போர் கண்ணுக்கு அழகான தெளிநீர் இப்புழுவுக்கு வெறும் பட்டினி.

வாரிங்டனுக்கு முன்பே இதைக் கண்ணால் கண்டவர் எடின்பரோவின் சர் ஜான் கிரகாம் டாலியெல். தொழிலால் வழக்கறிஞர், ஸ்காட்லாந்தின் மூடநம்பிக்கைகளைப் பற்றி நூல் எழுதியவர், குழந்தையில் கல்தரையில் விழுந்து ஆயுள் முழுதும் கால் ஊனமானவர். கடலுக்கு அவர் செல்வதைவிடக் கடல் அவரிடம் வந்ததே அதிகம்: ஆள் வைத்துக் கடல்நீர் சுமந்துவரச் செய்து, சாடிகளில் நீரை ஓயாமல் மாற்றினார். சமநிலைக் கோட்பாடு எதுவும் அவரிடம் இல்லை. புதிய நீரோடு புழுவுக்கான இரையும் வந்தது என்பதே அவரது முறையின் வெற்றி. விசிறிப்புழு இருந்த சாடியில் சேற்றைச் சிறிது சிறிதாக விட்டு, அது இறகால் துகளை அள்ளிக் குழாயின் விளிம்பை உயர்த்துவதை அவர் பொறுமையாகப் பார்த்து எழுதினார். இழந்த இறகுக்கொத்து மீண்டும் முளைப்பதையும் பதிவு செய்தார். 1851இல் அவர் மறைந்தார். அவதானிப்புகளில் ஒரு பகுதி அதற்குப் பின்னரே அச்சேறியது. தொட்டி மோகமோ அதற்குள் வேறு வழியில் ஓடத் தொடங்கியிருந்தது.

இன்றைய தொட்டிகளிலும் நுரைநீக்கி இரவும் பகலும் நீரைச் சலித்தபடியே இருக்கிறது. பிறகு வளர்ப்பவரே நுண்பாசியைப் புட்டியில் வாங்கி ஊற்றுகிறார். ஊற்றத் தவறும் இடத்தில் புழு இறகுக்கொத்தை உதிர்த்துவிடும். புதிதாக முளைப்பது முன்னதைவிடச் சிறியதாக இருப்பது பசியின் அடையாளம். ஆனால் அதுவரை காத்திருப்போர் குறைவு. உதிர்ந்ததைப் பார்த்தவுடன் செத்துவிட்டதென்று முடிவுகட்டி, உள்ளே உயிரோடிருக்கும் புழுவையும் சேர்த்தே குழாயைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள்.