ரிஷியூர் சுப்பலட்சுமியும் வயசுக்கு வந்த மாணவிகளும்

எங்க குடவாசல் மாதிரியே ரிஷியூரும் பழைய தஞ்சாவூர் ஜில்லா. இன்னைக்குத் திருவாரூர் மாவட்டம், நீடாமங்கலம் பக்கம். சகோதரி சுப்பலட்சுமியோட பூர்வீகம் அந்த ஊர். (பாடகி எம்.எஸ். இல்லீங்க, இவங்க ஆர்.எஸ்.! அந்த 'ஆர்' ரிஷியூர்தான்.)

1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். சீக்கிரமே கணவர் போய்விட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். தலையை மழித்து, நார்மடியைச் சுற்றி, சமையல்கட்டில் ஒதுக்கிவிடுவார்கள். அப்பா சுப்பிரமணிய அய்யர் அப்படி விடவில்லை, படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்திலேயே பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண்.

அடுத்த வருஷமே எழும்பூரில் இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு இல்லம் ஆரம்பித்தார். பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் கூட நின்றார். சர்க்காருக்கும் இதில் ஒரு கணக்கு இருந்தது. வாத்தியார் ஆண் என்றால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள், பெண் டீச்சரோ கிடைக்க மாட்டார். விதவையைப் படிக்க வைத்து டீச்சராக்கினால் ரெண்டு பிரச்சினையும் தீரும். அந்தப் பெண்ணுக்குக் கையில் சம்பளம்! பிற்பாடு இல்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். சர்க்கார் பணத்தில் ஒரு ஜாதிக்கு மட்டும் விடுதியா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது அதற்கப்புறம் செய்ததுதான். சிறுமிகளுக்குச் சரி, இருபது முப்பது வயசு ஆனவர்களுக்கு? எட்டு வயசுக் குழந்தைகளோடு பெஞ்சில் உட்கார வெட்கம். வீட்டில் "இனிமே படிச்சு என்ன ஆகப்போறது" என்ற பேச்சு வேற. எங்க ஊரில் அந்தத் தலைமுறைப் பாட்டிகள் நிறைய பேர் கடைசிவரை கைநாட்டுதான், புத்தி இல்லாமல் இல்லை.

1927இல் வயது வந்த விதவைகளுக்கென்றே சாரதா விடுதி. 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலயம், வயது வந்த பெண்களுக்கான பள்ளிக்கூடம். அப்போது இவருக்கே 55 தாண்டிவிட்டது. அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய 1991க்கு அரை நூற்றாண்டு முன்னாடி!

1958இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1969இல் காலமானார். ஐஸ் ஹவுஸ் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். பார்க்கப் போகிறவர்கள் 1897இல் சுவாமி தங்கிய அறையைத் தேடுகிறார்கள். அடுத்த தடவை போனால், அங்கே உட்கார்ந்து பாடம் படித்த இந்தப் பெண்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.