மனுவும் தீர்மானமும்: சிறுநகரங்களில் மன்றம் இல்லாதிருந்த ஆண்டுகள்

2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தமிழகத்தின் எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. 2011இல் பொறுப்பேற்ற மன்றங்களின் காலம் முடியும் தறுவாயில் அறிவிக்கப்பட்ட தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள், கொரோனா என்று காரணங்கள் வரிசையாக வந்தன. ஊரகப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன.

இந்த இடைவெளியைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு இழப்புகளை முன்வைத்தார்கள். ஒன்று அரசமைப்பு மீறல். 243யு பிரிவு மன்றத்தின் ஆயுளை ஐந்தாண்டு என்று வரையறுத்து, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. மற்றது பணம். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்பதால் பதினான்காவது நிதிக்குழுவின் மானியம் தடைபட்டது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் மேலிருந்து பார்க்கும்போது தெரிகிற இழப்புகள். தெருவிலிருந்து பார்த்தால் மூன்றாவதாக ஓர் இழப்பு தெரிகிறது. அதுதான் பெரியது என்பது என் வாதம். ஒருவருடைய தொல்லை ஊரின் விவகாரமாக மாறுகிற இடம் அந்த ஆண்டுகளில் ஊரில் இல்லாமல் போனது.

அந்த இடம் எப்படி இயங்குகிறது என்பதை நகராட்சிக் கூட்டத்தின் அஜெண்டாவைக் கையில் எடுத்தால் புரிந்துகொள்ளலாம். வரிசை எண், பொருள், அதன் கீழே அலுவலகக் குறிப்பு, கடைசியில் 'மன்றத்தின் அனுமதிக்கு' என்ற வரி. பத்தொன்பதாவது வார்டில் மின்மோட்டார் பழுது பார்த்த செலவு, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிட ஏலம், வாரச்சந்தைக் குத்தகை, தூய்மைப் பணியாளருக்கு ஒப்பந்த நீட்டிப்பு என்று பக்கம் பக்கமாகப் போகும். பல பொருள்கள் 'பின்னேற்பு' கேட்டு வரும். வேலை முடிந்து காசும் கொடுத்தாகிவிட்டது, இப்போது ஒப்புதல் தாருங்கள் என்பதே அதன் பொருள். எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து நிற்கிற இடமும் அநேகமாக இந்தப் பின்னேற்புதான். மோட்டாரை எப்போது கழற்றினீர்கள், யார் கழற்றினார்கள், என் வார்டில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லையே என்று அவர் கேட்பார். பொறியாளர் பதில் சொல்வார், தலைவர் குறுக்கிடுவார், சில நேரம் வெளிநடப்பு நடக்கும். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நான்கு அங்குலச் செய்தி வரும். மூன்று வாரமாகக் குடத்தோடு அலைந்தவர்களின் சங்கடம் அந்த நான்கு அங்குலத்தில் ஊரின் பிரச்சினையாகிறது. பக்கத்து வார்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தன் தெருக் குழாயையும் சேர்த்துப் பேசுகிறார்.

மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர் காலத்திலும் தீர்மானங்கள் நிறைவேறின என்பதைக் குறிப்பிட வேண்டும். சட்டப்படி மன்றத்தின் அதிகாரம் அவரிடம் இருந்தது. நகராட்சிகளில் ஆணையரே தனி அலுவலர். ஆணையர் என்ற முறையில் அவர் அலுவலகக் குறிப்பு வைப்பார், தனி அலுவலர் என்ற முறையில் அவரே அதற்கு அனுமதி தருவார். கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பொருள் எண் இருக்கும், தீர்மான எண் இருக்கும். எழுந்து நின்று கேட்க ஆள் மட்டும் இருக்காது. நிருபர் உட்கார நாற்காலியும் இருக்காது, ஏனென்றால் கூட்டமே இல்லை. தனி அலுவலர்களாக இருந்தவர்களில் பலர் நேர்மையாக உழைத்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேள்வி அவர்களுடைய நேர்மையைப் பற்றியது அன்று.

கூட்டம் இல்லாத ஊரில் மக்களுக்கு மிஞ்சுவது மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மனு எழுதித் தருபவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வரிசையில் நின்று கொடுத்தால் ஓர் எண் கிடைக்கும். சில வாரங்களில் 'தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்று பதில் வரும். மனுவால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ் போன்றவற்றுக்கு அது சரியான வழிதான், ஏனென்றால் அவை ஒரு வீட்டுக்கு ஆனவை. ஆனால் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிவிட்டு மூடாமல் போட்ட தெரு ஒரு வீட்டுக்கு ஆனதன்று. நாற்பது வீட்டுக்காரர்கள் நாற்பது மனு கொடுத்தாலும் அவை நாற்பது தனி மனுக்களாகவே பதிவாகும். தெரு என்ற ஒன்று அந்தப் பதிவேட்டில் இல்லை. போதாததற்கு, ஒரே தெருவில் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, வடிகால் நகராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, குடிநீர்த் திட்டக் குழாய் குடிநீர் வடிகால் வாரியம் போட்டது. மனு இந்த நான்கு வாசல்களுக்கும் நடக்கிறது. வார்டு உறுப்பினர் செய்கிற முதல் வேலையே, இது யாருடைய பொறுப்பு என்பதை நால்வரையும் வைத்துக்கொண்டு மன்றத்தில் சொல்ல வைப்பதுதான்.

வரி விஷயத்தில் இந்த வேறுபாட்டை நேராகவே ஒப்பிட வாய்ப்பு இருக்கிறது. 2018இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது: குடியிருப்புக்கு 50 விழுக்காடு வரை, வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு வரை. அப்போது மன்றங்கள் இல்லை. மக்கள் வீட்டுக்கு வந்த கேட்புச் சீட்டைப் பார்த்துத்தான் புதிய தொகையைத் தெரிந்துகொண்டார்கள். எதிர்ப்பு கட்சி ஆர்ப்பாட்டமாகவும் வணிகர் கடையடைப்பாகவும் தெருவுக்கு வந்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த வேளையில், அரசு அதை நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுசெய்வதாகச் சொன்னது.

2022 ஏப்ரலில் மறுபடி உயர்வு வந்தது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடு. பதினைந்தாவது நிதிக்குழு மானியம் பெற வரியைச் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதன் பின்னணியில் இருந்தது. உறுப்பினர்கள் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும். ஆளுங்கூட்டணியில் இருந்த இடதுசாரிக் கட்சிகளும் உயர்வு அதிகம் என்றன. முடிவில் உயர்வு நிலைத்தது. சென்னை எடுத்த முடிவுக்கு மன்றங்கள் முத்திரை குத்தின, அவ்வளவுதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. 2018இல் உயர்த்தியதும் 2019இல் நிறுத்தியதும் 2022இல் மீண்டும் உயர்த்தியதும் சென்னைதான். ஆனால் 2022இல் அந்த முடிவு ஊர் வழியாக நடந்து போக வேண்டியிருந்தது. எவர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்பது பெயரோடு ஊருக்குத் தெரிந்தது. காலையில் டீக்கடையில் அந்த உறுப்பினரைப் பிடித்து, என் வீட்டுக்கு எப்படி இந்தக் கணக்கு வந்தது என்று கேட்க முடிந்தது. 2018இல் கேட்க ஆளே இல்லை.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மன்றம் வந்தால் கமிஷன் வரும். வீடு கட்ட மணல் இறக்கினாலே உறுப்பினரின் ஆள் வந்து நிற்பான். பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் தந்த 2016 சட்டத்துக்குப் பிறகும், உறுப்பினரின் எண்ணுக்கு அழைத்தால் எடுப்பவர் கணவர். இவை அத்தனையும் நடக்கின்றன. எல்லோரும் அறிந்த செய்திகளாகவும் இருக்கின்றன. எப்படி அறிந்தோம்? அதே மன்றத்தில் மற்றோர் உறுப்பினர் எழுந்து சொன்னதாலும், கணவர் கூட்ட அரங்கில் உட்கார்ந்திருந்ததை யாரோ ஆட்சேபித்ததாலும். அதிகாரிகள் காலத்து ஒப்பந்தங்களில் முறைகேடு இருந்ததா இல்லையா என்பதை ஊர் அறியவே வழியில்லை. ஊழல் குறைந்தது என்று நாம் நினைக்கிறோம். குறைந்தது அதைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம்.

மன்றம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் உணர்ந்தே இருந்தார்கள் என்பதற்கு 2022 வாக்குப்பதிவு சான்று. மாநகராட்சிகளில் 52 விழுக்காடு, நகராட்சிகளில் 68, பேரூராட்சிகளில் ஏறக்குறைய 75. சென்னை 44ஐக்கூட எட்டவில்லை. ஊர் சிறுத்தால் வாக்கு பெருகுகிறது. சாதிக் கணக்கும் வாக்குக்குப் பணமும் இதில் பங்கு வகிக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் பேரூராட்சியில் வார்டு உறுப்பினர் என்பவர் முகம் தெரிந்த ஆள், மன்றத்தில் அவர் பேசியதும் பேசாததும் மறுநாளே தெருவுக்கு வந்துவிடும் என்பதே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அந்தச் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுவருகிறவரைப் பற்றி உள்ளாட்சி ஆய்வுகள் அதிகம் பேசுவதில்லை. தமிழ் நாளிதழ் தலைநகரில் மட்டும் பிறந்ததன்று. தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கியது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. மாவட்டப் பதிப்பும் மாவட்டப் பக்கமும் இந்த மரபின் உயிர்நாடி. அந்தப் பக்கத்தை நிரப்புகிறவர் தாலுகா அளவிலான பகுதிநேர நிருபர். அவருக்குச் சம்பளம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. விளம்பரம் பிடித்துத் தந்தால் கிடைக்கும் பங்குதான் பெரும்பாலும் வருமானம். ஊரில் நிலையாக விளம்பரம் தருகிறவர்களில் கட்சிக்காரர்களும் ஒப்பந்ததாரர்களும் முன்னே நிற்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் அவர் எழுதவும் வேண்டும். இத்தனை நெருக்கடியிலும் மன்றக் கூட்டம் அவருக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. குற்றச்சாட்டை அவர் சொல்லவில்லை, உறுப்பினர் மன்றத்தில் சொன்னார், அவர் அதை எழுதினார். கூட்டம் நின்றபோது இந்தக் கவசமும் போனது. மாவட்டப் பக்கம் விபத்து, கோயில் விழா, ஆட்சியர் ஆய்வு என்று சுருங்குவதற்கு நிருபரின் அச்சத்தைவிட இது முக்கியமான காரணம்.

மன்றம் மட்டும் போதாது என்பதால்தான், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபை வந்தது. அரசமைப்பின் 243எஸ் பிரிவு மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. அதாவது சிறுநகரங்கள் அதன் வரம்புக்குள் வருவதேயில்லை. தமிழக அரசு 2022இல் விதிகள் வகுத்து அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நல்ல தொடக்கம். ஆனால் கிராம சபை அரசமைப்பின் 243ஏ பிரிவில் நிற்கிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் பிறப்புரிமைபோல் அதன் உறுப்பினர். பகுதி சபைக்கு அந்த அடித்தளம் இல்லை. அங்கே சொல்லப்பட்டது மன்றத்தின் அஜெண்டாவில் ஏறாவிட்டால் அதுவும் இன்னொரு திங்கட்கிழமை மனுதான்.

அண்மை ஆண்டுகளில் நகரங்களை ஒட்டிய ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைப்பதற்கு எழுந்த எதிர்ப்பை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலை போகும், வரி கூடும் என்ற அச்சத்தை அனைவரும் குறிப்பிட்டார்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையையும் அந்த மக்கள் இழக்கிறார்கள் என்பது அதே அளவு கனமானது. புதுக்கோட்டையும் திருவண்ணாமலையும் நாமக்கல்லும் காரைக்குடியும் 2024இல் மாநகராட்சிகளாயின. அவற்றோடு சேரும் ஊர்க்காரர் நேற்றுவரை தன் தீர்மானத்தைத் தானே கைதூக்கி நிறைவேற்றியவர். இனி வார்டு உறுப்பினர் வழியாகத்தான் அவர் பேச முடியும்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊரக அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அங்கே மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் செய்ய வேண்டியவை இரண்டு. பகுதி சபையில் பதிவான கோரிக்கைகளை அடுத்த மன்றக் கூட்டத்தில் தனிப் பொருளாக, எடுத்த நடவடிக்கையோடு வைக்க வேண்டும் என்பது விதியில் ஏற வேண்டும். ஏதோ காரணத்தால் தேர்தல் தள்ளிப்போனாலும், தனி அலுவலர் மாதம் ஒருமுறை தம் தீர்மானங்களைப் பொதுமக்களும் நிருபர்களும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் படித்து, கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே கையெழுத்திட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் புதிய நிதி ஒரு ரூபாயும் தேவைப்படாது. மன்ற அரங்கும் நாற்காலிகளும் ஒவ்வொரு நகராட்சியிலும் ஏற்கெனவே இருக்கின்றன.