குதிரையில் சென்றவரும் கால்நடையாய் வந்தவரும்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலை மாணவர்களை நுவரெலியாவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். கிரகரி வாவிக்கரையில் மட்டக்குதிரைகள் வரிசையாக நின்றன. பணம் கொடுத்தால் கரையோரமாக ஒரு சுற்று அழைத்துச் செல்வார்கள். ஏறுகிறவர் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவர். கடிவாளம் பிடித்து அருகே நடக்கிறவன் பெரும்பாலும் தோட்டத்து இளைஞன். மன்னார்த் தீவில் பிறந்து வளர்ந்த என் மாணவன் ஒருவன் வியப்புடன் கேட்டான்: “சேர், எங்கட ஊரில கழுதைதானே இருக்கு. குதிரை ஒருக்காலும் இருந்ததில்லையா?”

நாங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று கடிவாளக்கார இளைஞன் விசாரித்தான். தலைமன்னார் என்றதும் அவன் முகம் மாறிற்று. “எங்க ஆளுங்க அங்கதான் எறங்கி காட்டு வழியா நடந்து வந்தாங்கன்னு அப்பாயி சொல்லும்” என்றான். மாணவனின் வினாவும் இந்த இளைஞனின் சொல்லும் வேறு வேறு வரலாறுகள் அல்ல என்பதை அன்றிரவே மாணவர்களுக்கு விளக்க முயன்றேன். அந்த முயற்சியின் விரிவே இக்கட்டுரை.

மன்னார்க் கடலுக்குக் குதிரை புதியதன்று. மகாவம்சம் கூறும் முதல் தமிழ் ஆட்சியாளர்களான சேனனும் குத்திகனும் கப்பலில் குதிரை கொணர்ந்து விற்ற வணிகன் ஒருவனின் மக்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்டனர் என்பது அந்நூலின் கணக்கு. அவர்கள் எத்துறையில் இறங்கினர் என்று நூல் கூறவில்லை. ஆயினும் அநுராதபுரத்தின் கடல்வாயில் மாதோட்டமே என்பதை நாம் மறக்கலாகாது. 1980களில் மாந்தையில் நடந்த அகழ்வாய்வுகள் பாரசீகத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த மட்பாண்டங்களைக் குவியலாக வெளிக்கொணர்ந்தன. அந்தப் பாரசீக வளைகுடாவிலிருந்துதான் குதிரைகளும் வந்தன.

எதிர்க்கரையில் இவ்வணிகம் உச்சம் பெற்றது 13ஆம் நூற்றாண்டில். மார்க்கோ போலோ தரும் செய்தி இது: பாண்டிய அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரம் குதிரைக்குக் குறையாமல் வாங்கினான், அவன் உடன்பிறந்தோரும் அவ்வாறே வாங்கினர், ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சவில்லை. வெப்பமும் தகாத தீனியும் அவற்றைக் கொன்றன. இலாடம் அடிப்பாரும் குதிரை மருத்துவம் அறிந்தாரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வாங்குவார்கள்! வாசாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் இன்னும் நுட்பமான செய்தி தருகிறார். கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. ஒன்றின் விலை 220 பொன் தினார். கடலில் செத்த குதிரைக்கும் விலை உண்டு. இப்பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பெண்கள் மீது விதித்த வரியிலிருந்தும் வந்தது என்கிறார் அவர். பாண்டியர் குதிரைப்படையின் பெருமையை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர், அப்பெண்கள் கட்டிய வரியையும் ஒரு வரியேனும் சொல்லவேண்டும்.

மன்னார் நகரில் இன்று தெருவெங்கும் திரியும் கழுதைகளும் அராபியர் கொண்டுவந்தவை என்பது வழிவழிச் செய்தி. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைப் பற்றியும் அவ்வாறே சொல்லுவர். லொறி வருமுன் உப்பும் விறகும் தண்ணீரும் சுமந்த பிராணி கழுதை. வேலை போனதும் தெருவில் விடப்பட்டது. குதிரையோ நெடுந்தீவில் எஞ்சியது. போர்த்துக்கேயர் விட்ட குதிரைகளை ஒல்லாந்தர் அங்கே இலாயம் கட்டி வளர்த்தனர். ஆங்கிலேயரும் சில காலம் தொடர்ந்தனர். அவற்றின் வழிவந்தவை இன்றும் அத்தீவின் வெளிகளில் கட்டற்றுத் திரிகின்றன. அவ்வெளி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இனி இளைஞன் சொன்ன வழிக்கு வருவோம்.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பில், கடலரிப்பால் நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருக்கும் ஒரு மாளிகையின் இடிபாடு உண்டு. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்க 1801க்கும் 1804க்கும் இடையே கட்டியது. இங்கே மாடத்திலிருந்து ஆள்வோர் கடலைப் பார்த்தனர். கீழே கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கியவர் தமிழரும் முஸ்லிம்களும். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் மலைநாட்டில் கோப்பி பயிராகத் தொடங்கியதும் ஆங்கிலேயரின் பார்வை முத்திலிருந்து காட்டுக்குத் திரும்பிற்று. காட்டில் குதிரையேறி வேட்டையாடுவது அவர்களுடைய பெரும் பொழுதுபோக்கு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரியை அவர்கள் வீரனாகவே கொண்டாடினர். அவர் 1845இல் இடிவிழுந்து மாண்டார்.

அதே ஆண்டுகளில், அதே காடுகளின் ஊடே, இன்னொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த, கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள். தோணியேறித் தலைமன்னார்க் கரையில் இறங்குவார்கள். தீவின் மணலைக் கடக்கவேண்டும். இன்றுள்ள பாலம் அன்று இல்லை. பிறகு மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காடு. நீர் அரிது, வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் உடன் வந்தன. நடக்கமுடியாதவரைக் கூட்டம் விட்டுச் சென்றது. விட்டுச் சென்றவரைக் குறை கூற எனக்கு நாவெழவில்லை. நின்றால் எல்லாரும் சாகவேண்டிய வழி அது.

1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என அக்காலக் கொழும்பு ஆங்கில ஏடு ஒன்று கணித்தது. அந்த எண் மிகை என்று வாதிடும் ஆய்வாளர் உளர். துறையில் இறங்கிய தலைகளை எண்ணியவர்கள், காட்டில் விழுந்த உடல்களை எண்ணவில்லை என்பதே இவ்வாதத்தின் மூலம். பாண்டியனுக்கு வந்த குதிரை வழியில் செத்தால் 220 தினார் உண்டு என்பதற்கு ஏடு இருக்கிறது. முருங்கன் காட்டில் செத்த மனிதனுக்கு ஏடு இல்லை. அரசு தங்குமிடங்களையும் கிணறுகளையும் அமைக்கத் தாமதித்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம்: அக்காலத்து அரச அதிகாரிகளிற் பலர் தாமே கோப்பிக் காணி வாங்கிய முதலாளிகள்.

பிழைத்து மலையேறியவரில் சிலருக்குக் கிடைத்த வேலைதான் குதிரைக்காரன் வேலை. துரை குதிரையில் மலையைச் சுற்றுவார். குதிரைக்காரன் பின்னே ஓடுவான். துரை இறங்குமிடத்தில் மூச்சிரைக்க நின்று கடிவாளத்தை வாங்குவான். நுவரெலியாவில் 1875இல் குதிரைப் பந்தயத் திடல் எழுந்தபோதும் இலாயத்தில் நின்றவர் பலர் இவர்களே. வாவிக்கரையில் நாம் கண்ட இளைஞனின் கையில் இன்றிருப்பது அக்கடிவாளந்தானோ என நான் எண்ணியதுண்டு. பருவகாலம் முடிந்ததும் அங்குள்ள குதிரைகள் தெருவில் மேய விடப்படுவதையும் பார்க்கலாம். எங்கள் கழுதைகளின் கதிதான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் காட்டுவழி கைவிடப்பட்டது. 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்தது. தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட, இராமேசுவரத்துக்கு ஓடிய இராமானுஜம் கப்பலில் அவர்கள் ஏறினர். பாட்டனார் இறங்கிய கரையிலேயே பேரப்பிள்ளைகள் ஏறினர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அந்த இறங்குதுறை அழுகையை இன்றும் நினைவுகூர்வர்.

2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, ஒரு கூட்டம் அவ்வழியை மீண்டும் நடந்தது. ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது, 252 கிலோமீட்டர். வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். நிலம், வீடு, நியாயமான கூலி, சமமான குடியுரிமை ஆகியன அவர்கள் எழுப்பிய கோரிக்கைகள்.

அடுத்த தவணையில் தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து பேசாலை வரை நடந்து பார்ப்பது என்று என் மாணவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். குதிரை பற்றிக் கேட்ட அதே பையன்தான் முன்னிற்கிறான். ஆளுக்கு எத்தனை போத்தல் தண்ணீர் கொண்டுபோவது என்பதில் வகுப்பில் வாதம் இன்னும் முடியவில்லை. ஒன்றுமே கொண்டுபோகக்கூடாது என்கிறாள் ஒரு மாணவி.