தோற்றவர்களின் ஏடுகள்

ஒரு கொள்கையைக் குறித்து அதன் எதிரிகள் எழுதியவை மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அக்கொள்கையை நாம் அறிந்தவராவோமா? ஆதிக் கிறிஸ்தவ வரலாற்றை ஆராய்வோரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இவ்வினா உறங்கவிடவில்லை.

நான்காம் நூற்றாண்டில், செசரியா நகர ஆயர் யூசிபியஸ் திருச்சபையின் வரலாற்றை எழுதினார். திருத்தூதர்கள் காலம்வரை மாசற்றிருந்த சபையில் திரிபுக் கொள்கைகள் பின்னரே நுழைந்தன என்பது அவர் காட்டும் சித்திரம். நேர்நெறி முந்தியது, திரிபு பிந்தியது என்னும் இக்கருத்தே நெடுங்காலம் பெரிதும் ஏற்கப்பட்டிருந்தது.

1934இல் ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் பவர் இதனைத் தலைகீழாக்கினார். பிற்காலத்தில் திரிபு எனத் தள்ளப்பட்டதே பல நாடுகளில் கிறிஸ்தவத்தின் முதல் வடிவம் என்றும், ரோமாபுரிச் சபையின் செல்வாக்கே இறுதியில் நேர்நெறியை நிலைநாட்டியது என்றும் அவர் வாதிட்டார். அரபு வரலாற்றாசிரியர்கள் ருஹா என வழங்கிய எடெஸ்ஸா நகரை அவர் சான்றாகக் காட்டினார். அங்கே நேர்நெறியாளரைப் பிறர் பலூத் என்னும் தலைவரின் பெயரால் ‘பலூத்தியர்’ என்று அழைத்தனர். இதனை எண்ணி எப்ரேம் என்னும் அருட்கவிஞர் நான்காம் நூற்றாண்டில் வருந்தி எழுதியுள்ளார். மார்சியனின் வழியினர் ‘கிறிஸ்தவர்’ என்னும் பொதுப்பெயரை முன்னரே கைக்கொண்டுவிட்டனர் என்பது பவரின் முடிவு.

தோற்றவர்களின் குரலோ இன்னும் கேட்கவில்லை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே, மண்சாடி ஒன்றில் புதைந்திருந்த கோப்திய மொழி ஏடுகள் உழவர் கையில் கிட்டின. பதின்மூன்று தொகுதிகளைச் சேர்ந்த அவற்றுள் ‘யோவானின் மறைநூல்’ என்பதும் ஒன்று. லியோன் நகர ஆயர் ஐரேனியஸ், ஏறத்தாழ 180ஆம் ஆண்டில் திரிபுகளைக் கண்டித்து எழுதிய நூலில் தரும் ஒரு சுருக்கம், இதன் முற்பகுதியோடு நெருங்கி ஒத்திருந்தது. எதிரி என்பதற்காக அவர் பொய் புனைந்தாரல்லர். ஆயினும் அந்நூலை எழுதியவரின் இறைவேட்கையை அச்சுருக்கத்தில் நாம் காண்பதற்கில்லை.

பவரும் மறுப்புக்குத் தப்பவில்லை. சான்றில்லாத மௌனத்தையே அவர் சான்றாக்கினார் என 1954இல் டர்னர் எடுத்துக்காட்டினார். எகிப்தின் ஆதிக் கிறிஸ்தவம் ஞானவாதிகளுடையது என்பது பவரின் கொள்கை. பாப்பிரஸ் ஏடுகளை ஆராய்ந்த காலின் ராபர்ட்ஸ் 1979இல் அதனை மறுத்தார். ஐரேனியஸின் அந்நூலின் துண்டு ஒன்றே எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்துள்ளது. அது ஏறத்தாழ 200ஆம் ஆண்டினது. திரிபை மறுக்கும் நூல் அத்துணை விரைவில் அங்கே படிக்கப்பட்டதெனின், நேர்நெறியாளர் அங்கே இல்லையென்று எவ்வாறு கூறுவது?

எனவே இருவர் கூற்றையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் பல பிரிவினர் அருகருகே வாழ்ந்தனர். ஊருக்கு ஊர் நிலை வேறுபட்டது. எது முந்தியது, எது வென்றது என்பவற்றை வரலாறு ஆராயலாம். எது மெய் என்பதை அவற்றைக்கொண்டு முடிவுசெய்தல் இயலாது. ஆயினும், வழக்கில் ஒரு தரப்பினர் மட்டுமே பேசியிருக்கையில், மற்றவர் எழுதியவற்றைத் தேடிப் படித்த பின்னரே தீர்ப்புரைக்க வேண்டும் என்னும் நீதி அனைவருக்கும் பொதுவானதன்றோ!