ஆக்சிஜனேற்றம்

ஆக்சிஜன் என்றால் ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று தப்பாக நம்பி, கிரேக்க வேர்களிலிருந்து லவாய்சியே வைத்த பெயர். ‘ஏற்றம்’ நம்முடையது, வண்டியில் மூட்டை ஏற்றுவதுபோல. புரதத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கு இந்தச் சொல் கச்சிதம்: அதன் கந்தக அணுவில் ஓர் ஆக்சிஜன் ஏறிக்கொள்கிறது. இறக்கிவிட உயிரணுவில் நொதியும் உண்டு. சிஸ்டீன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தில்தான் சொல் இடறுகிறது. இரண்டு சிஸ்டீன்கள் ஹைட்ரஜனை இழந்து கைகோக்கின்றன. எதுவும் ஏறவில்லை, பெயர் மட்டும் அதேதான். ஏனெனில் எலெக்ட்ரான் இழப்பே அதன் இன்றைய பொருள். ஆக்சிஜனேற்றத்தால் கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) உண்டான புரதத்தையோ, மெத்தியோனினைப் போலச் செப்பனிட வழியில்லை, சிதைத்தாக வேண்டும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது; அதனால் அங்கே இந்தச் சேதத்துக்கு வாய்ப்பு அதிகம். அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவில் கார்போனைல் உண்டான புரதங்கள் கூடுதலாகத் தென்படுகின்றன.