சோமசெட்டா, மைனரா? யாழ்ப்பாணத்துக் கார்க் கதையில் விடுபட்ட பக்கம்

யாழ்ப்பாணத்துப் பழைய கார் ஒன்றின் படத்தை யாராவது முகநூலில் போட்டால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒன்று ஒஸ்ரின் ஏ40 சோமசெட் கட்சி, மற்றது மொறிஸ் மைனர் கட்சி. இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் இழுவை. 1952இல் வந்த சோமசெட்டுக்கு 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு. 1948இல் வந்த மைனருக்கு 918 சிசி, ஏறக்குறைய 27 குதிரைவலு. சோமசெட் மணிக்கு 110 கிலோமீற்றர் வரை போகும். மைனர் 100ஐத் தொடவே மூச்சு வாங்கும். ஒரு விசயம் பலருக்குத் தெரியாது: 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியாக இணைந்தன. அதோடு மைனருக்குள் ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் ஏறியது. ஆகவே சண்டை பிடிக்கும் இரண்டு கட்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்!

அடுத்தது கையாளுதல். இதில் மைனர் முந்திவிடும். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டியை நடுவால் வெட்டி 4 அங்குலம் அகலமாக்கினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அதன் தழும்பு. ஸ்ரியறிங்கும் கைசொல் கேட்கும். எங்கள் ஒழுங்கைகளில் வேலி உரசாமல் திருப்ப அது சுகமான வண்டி. சோமசெட் வளைவில் சாய்ந்து, ஆடி அசைந்துதான் வரும். ஆனால் ஆளும் மூட்டையும் ஏற்ற அதுதான் தோது. தனிச் சேசியில் நிற்பதால் உப்புக்காற்றில் பொடி கறள் பிடித்தாலும் வெட்டி ஒட்டி ஓட்டலாம். மைனருக்குப் பொடியேதான் சேசி. அடித்தளம் கறள் தின்றால் வண்டியின் பலமே போய்விடும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை. அதன்பிறகு வேகத்தையும் வளைவையும் யாரும் கேட்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடுமா என்பதே கேள்வி. இந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் சுமார் 7:1 என்பதால் இவை ஓடின. துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை வந்தது, பிளக் கரி பிடித்தது, எஞ்சின் ஒயில் தண்ணியாகியது. ஆனாலும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை இவைதான்.

இந்தக் கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். நாங்களும் வகுப்பில் சொல்கிறோம். ஆனால் அதில் ஒரு பக்கம் விடுபடுகிறது.

பழைய இரும்பு, லொறி, வாகன உதிரிப்பாகம் ஆகிய வியாபாரங்களில் யாழ்ப்பாண முஸ்லிம்களான நாங்கள் முன்னணியில் நின்றோம். பழைய வண்டி ஓட வேண்டுமென்றால் இன்னொரு பழைய வண்டியின் சாமான் வேண்டும். அதைக் கழற்றி, தரம் பார்த்து, எடுத்துவைத்த கைகளில் எங்கள் வாப்பாமாரின் கைகளும் உண்டு.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் எங்களை வெளியேறச் சொன்னார்கள். இரண்டு மணி நேர அவகாசம். கடை, சாமான், வாகனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். பலருக்குப் புத்தளம் ஊரானது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் லட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். வீட்டை விட்டுப் போவதன் வலி இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

கணக்குத் தீர்க்க இதை எழுதவில்லை. ஏ40 எங்கள் எல்லோருடைய விடாமுயற்சியின் அடையாளம் என்றால், அதற்குச் சாமான் தந்தவர்களும் அந்தப் படத்துக்குள் வரவேண்டும். வண்டியின் இலக்கத்தை நினைவு வைத்திருக்கிறோம். கடைக்காரரின் பெயரை மறந்துவிட்டோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்தக் கடையில் சாமான் வாங்கினார்கள், எந்த பாஸ் எஞ்சின் இறக்கினார்? கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் வரலாற்றுப் பாடம்தான்.